அந்த குட்டி புக்கு | ஜோகன்னஸ்பர்க் வ்லாக்

வணக்கம் மக்களே, இப்ப நான் தென்னாப்பிரிக்கா ஜோகன்னஸ்பர்க்ல அபார்தைட் மியூசியம் வாசல்ல நிக்கிறேன் (அபார்தைட்னா அரசாங்கமே ஜனங்கள இனம் பிரிச்சு ஒதுக்கி வச்ச நிறவெறி முறை), கையில இருக்கிற டிக்கெட்ட பாருங்க, 'வெள்ளையர் அல்லாதவர்'னு போட்டிருக்கு. என் முகத்த பாத்து குடுத்தது இல்ல, 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதவர்'னு ரெண்டு வகை டிக்கெட், ரெண்டுக்கும் தனித்தனி வாசல், யாருக்கு எது வரும்னே சொல்ல முடியாது. எனக்கு முன்னாடி போன குடும்பத்துல அப்பாவுக்கு ஒரு வாசல் பொண்ணுக்கு வேற வாசல், அந்தப் பொண்ணு அப்பா கைய விடவே மாட்டேன்னு நின்னுச்சு, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

ஏன்னா இந்த நாட்டுல நெஜமாவே இப்படித்தான் பிரிச்சாங்க. நிறவெறி 1948-க்கு முன்னாடியும் இருந்துச்சு, 1913 நிலச் சட்டமே கறுப்பின மக்கள ஒரு ஓரத்துக்கு தள்ளிருச்சு, ஆனா 1948-ல வெள்ளையர்களோட நேஷனல் பார்ட்டி ஜெயிச்சு மாலன் பிரதமரானதும் அது முழு அரசாங்க வேலையாவே ஆயிடுச்சு. 1950-ல ஒவ்வொரு ஆளையும் இனம் பிரிச்சு பதிவு பண்ண சட்டம் வந்துச்சு. சந்தேகம் வந்தா தலைமுடியில பென்சில சொருகுவாங்க, விழுந்துட்டா வெள்ளை, விழலன்னா இல்ல. ஒரே வயித்துல பொறந்தவங்க வேற வேற இனம்னு பதிவாகி, வேற வேற ஏரியாவுல குடியிருக்க வேண்டியதாச்சு.

உள்ள கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பாஸ் புக் இருக்கு, பேங்க் புக் இல்ல, கறுப்பினத்தவங்க சிட்டிக்குள்ள இருக்க அனுமதி காட்டுற புக், கொஞ்சம் ஜூம் பண்றேன், பாக்கெட்ல அடங்குற சைஸ்தான். போட்டோ, எந்த இனக்குழு, வரி கட்டுன விவரம், அப்புறம் மாசாமாசம் முதலாளி போட்ட கையெழுத்து. ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கு பாருங்க, எத்தன தடவ எடுத்து நீட்டியிருப்பாரோ அந்த மனுஷன். 16 வயசாச்சுன்னா கறுப்பினத்தவங்க எப்பவும் இத கையில வச்சிருக்கணும், அனுமதி இல்லாம சிட்டிக்குள்ள 72 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, வீட்ல மறந்து வச்சுட்டு வந்தா ஜெயிலுதான்.

நான் இன்னிக்கு சொல்ல வந்ததே இதத்தான், அபார்தைடுக்கு உயிரே இந்த குட்டி புக்குலதான் இருந்துச்சு, ஜனங்களும் கரெக்டா அங்கதான் கை வச்சாங்க. இதுக்கு ரொம்ப முன்னாடியே, 1908-ல இதே ஊர்ல ஹமீதியா மசூதி முன்னாடி இந்தியர்கள், பாஸ் மாதிரியே இருந்த தங்களோட பதிவுச் சான்றிதழ் 2000-க்கு மேல கொப்பரையில போட்டு கொளுத்துனாங்க, காந்தி கூட நம்ம தம்பி நாயுடு மாதிரி தமிழ் ஆளுங்களும் அந்தப் போராட்டத்துல முன்னாடி நின்னாங்க. 1956 ஆகஸ்ட் 9, பொம்பளைங்களுக்கும் பாஸ் கட்டாயம்னு கொண்டுவந்தப்போ கிட்டத்தட்ட 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுல அரசாங்க கட்டிடத்துக்கே போயிட்டாங்க. முன்னாடி நடந்த நாலு பேர் யாரு தெரியுமா, லிலியன் நோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ். அரசாங்கம் எந்த நாலு இனமா பிரிச்சுதோ (கறுப்பினம், வெள்ளை, இந்தியர், கலப்பினம்) அதுல இனத்துக்கு ஒருத்தர்! பெட்டிஷன வச்சுட்டு அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம நின்னாங்க, இத படிக்கும்போதெல்லாம் எனக்கு புல்லரிக்கும்.

1960 மார்ச் 21, கறுப்பினத்தவங்க குடியிருந்த ஷார்ப்வில்ங்கிற ஊர். பாஸ் இல்லாம போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் 'எங்கள அரெஸ்ட் பண்ணுங்க'ன்னு நின்ன கூட்டத்துல போலீஸ் சுட்டு 69 பேர் செத்தாங்க, நிறைய பேருக்கு குண்டு பட்டது முதுகுல. ஓடும்போது சுட்டிருக்காங்க மக்களே. அதுக்கப்புறம் கட்சிகளுக்கு தடை, போராட்டத் தலைவர் மண்டேலாவுக்கு 27 வருஷம் சிறை, 1976-ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல இருக்கிற சோவெட்டோ ஸ்கூல் புள்ளைங்க மேலயும் துப்பாக்கிச் சூடு.

அபார்தைட் விழுந்ததுக்கு வெளிநாட்டு பொருளாதாரத் தடைதான் காரணம்னு நிறைய பேர் சொல்றாங்க, அதுவும் நெசம்தான், 1985-ல வெளிநாட்டு பேங்க்குங்க கடன நீட்டிக்க மாட்டோம்னதும் அரசாங்கம் ஆடிப் போயிடுச்சு. ஆனா என்னைக் கேட்டா அஸ்திவாரத்துலயே கோளாறு. சுரங்கத்துலயும் ஃபேக்டரியிலயும் வீட்டு அடுப்படியிலயும் வேலை செய்ய கறுப்பினத்தவங்க வேணும், ஆனா அவங்க சிட்டில வாழக் கூடாதுன்னா எப்படிங்க நடக்கும்? பாஸ் இல்லன்னாலும் பரவால்லன்னு ஜனங்க வந்துட்டே இருந்தாங்க, குடிசை போட்டாங்க, இடிச்சா திரும்ப போட்டாங்க. 1986-ல பாஸ் சட்டத்தையே எடுத்துட்டாங்க. 1990 பிப்ரவரி 11 மண்டேலா வெளிய வந்தாரு, 1994 ஏப்ரல் 27 எல்லாரும் சேர்ந்து ஓட்டு போட்ட நாள்.

உள்ள அன்னிக்கு ஓட்டு போட நின்ன க்யூ போட்டோ ஒண்ணு இருக்கு, வளைஞ்சு வளைஞ்சு போயிட்டே இருக்கு, முடிவே தெரியல. மண்டேலா அன்னிக்கு ஓட்டு போட்டது டர்பன் பக்கத்துல இனாண்டாவுல ஒரு ஸ்கூல்ல. நாளைக்கு காலைல அங்கதான் கிளம்புறேன், நெட் கிடைச்சா அங்கேருந்து லைவ் வரேன்.