98 டிகிரி காட்டும் ப்ராசஸர்: வாட்டர் கூலர் வாங்க வேண்டுமா?

அடுத்த கேள்வி திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கிறது. கேட்டிருக்கும் தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர். அப்படியே படித்துவிடுகிறேன்.

"அண்ணா, என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5 10400. ப்ராசஸர் டப்பாவில் கூடவே வந்த ஃபேன்தான் போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் ரேம் போடவும் தூசி துடைக்கவும் கடையில் கொடுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு எடிட் முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துகிறது. சூட்டை அளக்கும் கோர் டெம்ப் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் சட்டென்று 98 டிகிரி காட்டுகிறது. நிறுத்தினால் உடனே 55க்கு இறங்கிவிடுகிறது. 25 நிமிடத்தில் முடிந்த வேலை இப்போது 50 நிமிடம் எடுக்கிறது. கடைக்காரர் வாட்டர் கூலர் போடச் சொல்கிறார், 7,000 ரூபாய் ஆகுமாம். போடலாமா? ப்ராசஸர் எரிந்துவிடுமா?"

முதலில் கடைசிக் கேள்வி, ஏனென்றால் பயம் அதில்தான் இருக்கிறது. எரியாது. உங்கள் ப்ராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். உங்கள் 25 நிமிட வேலை 50 நிமிடம் ஆவதற்குக் காரணம் அந்த வேகக் குறைப்புதான். ப்ராசஸர் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக நடக்கிறது.

ஒரு காலத்தில் எரியத்தான் செய்தது. 2001இல் ஒரு வெளிநாட்டு வன்பொருள் தளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இருந்து ஹீட்சிங்கை, அதாவது ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியை, கழற்றி வீடியோ எடுத்தார்கள். ஏஎம்டி அத்லான் சில விநாடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு இரண்டு கம்பெனி ப்ராசஸர்களிலும் அந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. அதனால் நிம்மதியாக மற்றதைக் கேளுங்கள்.

இப்போது வாட்டர் கூலர். வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதற்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "சட்டென்று 98", "உடனே 55" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இரண்டு சொல் எனக்குப் போதும்.

வெப்பம் ஒரு பாதையில்தான் வெளியே போகிறது. ப்ராசஸரின் உலோக மூடியில் இருந்து அதன் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட், பேஸ்டில் இருந்து ஹீட்சிங்க், ஹீட்சிங்கில் இருந்து கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று, அந்தக் காற்று உங்கள் அறைக்கு. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு இருக்கிறது என்பதை ஏறும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். வேலை கொடுத்த இரண்டு மூன்று விநாடியில் 60இல் இருந்து 95க்குத் தாவினால், சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அலுமினியக் கட்டி சூடாக நேரம் பிடிக்கும் அல்லவா? அது சூடாவதற்குள் ப்ராசஸர் கொதிக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் சரியான தொடர்பு இல்லை. அதுவே 70, 75, 80 என்று பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் தொடர்பு நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுதான் பிரச்சினை. ஹீட்சிங்கில் தூசி, கேபினெட்டில் புழுக்கம், அறையில் வெயில், இப்படி ஏதோ ஒன்று.

உங்களுடையது முதல் வகை. அதோடு, மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது, கடைக்குப் போய் வந்த பிறகு ஆரம்பித்தது. தூசி துடைப்பதற்காக ஃபேனை ஹீட்சிங்கோடு கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டியபோது நான்கு கால்களில் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது. பழைய காய்ந்த பேஸ்டின் மேலேயே வைத்து அழுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கால் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது, என்னையும் சேர்த்துத்தான்.

இன்டெல் கூடக் கொடுக்கும் அந்த ஃபேனில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் திசையில் திருப்பினால் கழலும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மாட்டும்போது ஸ்க்ரூ மாதிரி அந்தப் பக்கம் திருப்பி முறுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கால் கழன்ற நிலையிலேயே நிற்கும். அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, நேராகக் கீழே அழுத்த வேண்டும். "டக்" என்று சத்தம் வரும். ஒரு மூலையை அழுத்தியதும் அதற்கு எதிர்மூலை, அப்புறம் மற்ற இரண்டு. ஒரே பக்கத்து இரண்டையும் முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

டக் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். முடிந்தால் மதர்போர்டைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் காலின் நடுவே கறுப்பு ஊசி இறங்கி, அதை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருக்க வேண்டும். நான்கிலும் அப்படி இருந்தால்தான் கணக்கு. கேபினெட்டுக்குள் வைத்தே அழுத்தினால் போர்டு வில்லாக வளையும், பார்க்கவே வயிறு கலங்கும். பொறுமை இருந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து மாட்டுவது நல்லது.

பேஸ்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு, அவற்றில் காற்று இருக்கும். காற்றைவிடச் செம்பு சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்றால், காற்று எவ்வளவு மோசமான கடத்தி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்பத்தான் பேஸ்ட். அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் பரவாயில்லை. ஆனால் உலோகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே பள்ளம் நிரம்பும் அளவுக்குத்தான் வேண்டும். தோசைக்கு நெய் விடுவது போலத் தாராளமாகப் போட்டால் அந்தப் படலமே தடையாக நிற்கும். பாதிப் பட்டாணி அளவு நடுவில் வையுங்கள், ஹீட்சிங்க் அழுத்தும்போது தானாகப் பரவும்.

பழைய பேஸ்டை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைத்தால் மூடி கண்ணாடி போல வரும். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் பேஸ்ட் இளகி எளிதாக வரும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏஎம்டி ஏஎம்4 போர்டு (இதில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சூடாக்கும் வேலை ரொம்ப முக்கியம். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, கூலரைத் தூக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டில் இருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் பெரிய தலைவலி. லேசாக இடமும் வலமும் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

டூத்பேஸ்ட் போடலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். இரண்டு நாள் வேலை செய்யும், தண்ணீர் வற்றியதும் சுண்ணாம்புக் கட்டி ஆகிவிடும். 200, 300 ரூபாய்க்கே நல்ல பேஸ்ட் கிடைக்கும்போது எதற்கு அந்த விளையாட்டு?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் தனியாக ஒரு பெரிய கூலர் வாங்கி மாட்டியபோது எனக்கும் இதே சட்டென்று 95தான். பேஸ்ட் மாற்றினேன், கேபினெட்டை மாற்றினேன், ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அடியில் பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருக்கிறேன். "மாட்டுவதற்கு முன் அகற்றவும்" என்று அதன் மேலேயே பெரிதாக எழுதியிருந்தது. வேறென்ன சொல்ல.

சரி, இப்போது இரண்டாவது வகை, மெல்ல ஏறும் சூடு. கால்களைச் சரிசெய்த பிறகும் உங்களுக்கு இது கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஒரு சோதனை செய்யுங்கள். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வீடியோவை எக்ஸ்போர்ட் போடுங்கள். எட்டுப் பத்து டிகிரி குறைந்தால் கேபினெட்டுக்குள் சூடான காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பின்பக்கம் ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன், முன்பக்கம் ஒன்று உள்ளே இழுக்கிற மாதிரி, போதும். அதற்காகத் தகட்டை நிரந்தரமாகத் திறந்துபோட்டு டேபிள் ஃபேனை முன்னால் வைத்துவிடாதீர்கள். சோதனைக்குச் சரி, வாழ்க்கைக்குச் சரியில்லை. தூசி, எறும்பு, பல்லி எல்லாம் குடிவந்துவிடும். பல்லி கதை என்னிடம் நிறைய இருக்கிறது, இன்னொரு நாள்.

நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் குற்றவாளி கம்ப்யூட்டர் டேபிள். "சிபியு வைக்க" என்று ஓர் அலமாரி கொடுத்திருப்பார்கள், கதவு வேறு. பின்னால் வரும் சூடு சுவரில் முட்டி, திரும்ப முன்பக்கம் வழியாகவே உள்ளே போகும். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போர்த்தி வைத்திருப்பார்கள், குளிருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. வெளியே எடுத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பக்கத்தில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் புகைந்தால், தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் அப்பிக்கொள்ளும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது திண்டுக்கல். ஃபேன் வைத்த எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராக ஆக்க முடியாது, அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும்தான் குறைக்கும். வாட்டர் கூலரும் அப்படித்தான், தண்ணீரும் கடைசியில் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. மார்கழியில் 26 டிகிரி இருந்த அறை கத்திரி வெயிலில் 38 ஆனால், அந்த 12 டிகிரியும் ஏறத்தாழ அப்படியே ப்ராசஸரில் தெரியும். டிசம்பரில் 70 காட்டியது மே மாதம் 82 காட்டினால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் வைக்கலாமா என்று போன முறை ஒருவர் கேட்டார், விளையாட்டாகத்தான் என்று நம்புகிறேன். ஈரம் வேர்த்து போர்டு ஷார்ட் ஆகும், இரவு பகலாக ஓடும் சூட்டை இழுக்க ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸராலும் முடியாது.

இந்த வாரம் முகூர்த்த வேலை நெருக்கடி, கழற்றி மாட்ட நேரமில்லை என்றால் தற்காலிகமாக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்ட் செட்டிங்கில் 'மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100இல் இருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தான், ஆனால் டர்போ, அதாவது ப்ராசஸர் தன் அடிப்படை வேகத்துக்கு மேல் தானாக ஓடுவது, நின்றுவிடும். உங்கள் ப்ராசஸர் ஆறு கோரிலும் 4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, இப்போது 2.9இல் நிற்கும். வோல்டேஜும் கூடவே இறங்கும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிற விஷயம், அதனால் வேகம் குறைவதைவிட வெப்பம் அதிகமாகக் குறையும். 25 நிமிட வேலை 35 நிமிடம் ஆகலாம். இப்போது ஆகிற 50க்கு அது மேல்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பதற வேண்டாம். முழு வேலையில் 95 டிகிரிக்குப் போய் நிற்பது அவற்றின் வடிவமைப்பே. உங்கள் 10400 அப்படி இல்லை. அது இந்த ஃபேனோடு, சரியாக மாட்டியிருந்தால், வெயில் காலத்திலும் 80ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

ஆகவே தம்பி, 300 ரூபாய்க்கு ஒரு பேஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு கால். மாட்டிய பிறகு எக்ஸ்போர்ட் போட்டு, முதல் பத்து விநாடியில் எவ்வளவுக்கு ஏறுகிறது, கால் மணி நேரத்தில் எங்கே நிற்கிறது, இரண்டையும் குறித்து அனுப்புங்கள். ஒரு கால் உடைந்திருந்தால் ஃபேனையே மாற்றிவிடுங்கள், 7,000 தேவையில்லை, செம்புக் குழாய் வைத்த சாதாரண டவர் கூலர் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். உங்கள் கேபினெட் அகலத்துக்குள் அதன் உயரம் அடங்குமா என்று மட்டும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து மதுரையில் இருந்து ஓர் அக்கா, யுபிஎஸ் பேட்டரி உப்பியிருக்கிறது, அப்படியே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா, முதலில் அதை அணைத்துவிடுங்கள், விளக்கத்தை அப்புறம் சொல்கிறேன்.