கறுப்பின மக்கள் பழைய கதையை ஏன் விடவில்லை? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கனடாவிலிருந்து வந்திருக்கிறது. அப்படியே படிக்கிறேன். "அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 'மன அடிமைத்தனத்திலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ள வேண்டும்' என்று கறுப்பினத் தலைவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர்களுடைய இன்றைய நிலைமைக்கு அவர்கள் மனநிலைதானே காரணம்? பழைய கதையை விட்டுவிட்டு முன்னேறினால் என்ன?"

நல்ல கேள்வி. நம் ஆட்கள் நிறையப் பேர் மனத்தில் இது இருக்கிறது. கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அந்த வரி மார்கஸ் கார்வி பேசியது. ஜமைக்காக்காரர், 1887-இல் பிறந்தவர். 1937-இல், நீங்கள் இருக்கும் அதே கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் சிட்னி என்ற ஊரில் பேசினார். கரீபியன் தீவுகளிலிருந்து அங்கே எஃகு ஆலை வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்த ஊர் அது. உடலை மற்றவர்கள் விடுவிக்கலாம், மனத்தை நம்மைத் தவிர வேறு யாரும் விடுவிக்க முடியாது என்றார். பிறகு 1980-இல் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி பாடி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அதை யார் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். தன் மக்களிடம், அவர்களுக்கு நடுவில் நின்று சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவரும் இல்லை. பத்திரிகை நடத்தினார், கப்பல் கம்பெனி தொடங்கினார், மளிகைக் கடை, சலவை நிலையம், கூட்டம் போட மண்டபங்கள் என்று ஊர் ஊராக அமைத்தார். மனம் மாற வேண்டுமானால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதே வரியை வெளியே நிற்பவர் எடுத்து "உன் மனம்தான் பிரச்சினை" என்று சொன்னால், அதற்கு வேறு பொருள் வந்துவிடுகிறது.

சரி, அந்த மன அடிமைத்தனம் எங்கிருந்து வந்தது? பழக்கத்தில் தானாக வந்ததா? ஒரே ஒரு சட்டத்தை மட்டும் பார்ப்போம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், 1830. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வெள்ளையருக்கு 100 முதல் 200 டாலர் வரை அபராதம். ஓர் அடிமை இன்னோர் அடிமைக்குக் கற்றுக்கொடுத்தால் 39 கசையடி. காரணத்தையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்: படிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் மனத்தில் அதிருப்தி கிளம்பும், கலகம் வரும் என்று. கணக்குக்கு மட்டும் விலக்கு. எண்கள் தெரிந்தால் வேலைக்கு ஆகும், எழுத்து தெரிந்தால் ஆபத்து. மனம்தான் குறி என்பதை ஒளிக்கக்கூட இல்லை. நன்றாகத் தெரிந்தே, யோசித்தே செய்தார்கள்.

விடுதலை வந்ததும் இந்த மக்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? சொந்தங்களைத் தேடினார்கள். கறுப்பினத் திருச்சபைகளின் பத்திரிகைகளில் தேடல் விளம்பரங்கள் வரத் தொடங்கின. நியூ ஆர்லியன்ஸில் ஒரு பத்திரிகை இதற்கென்றே தனிப் பத்தி நடத்தியது. கட்டணம் 50 சென்ட். பாதிரியார்கள் அதைப் பிரசங்க மேடையிலிருந்து படிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அந்த விளம்பரங்களைப் படித்தால் நெஞ்சை அடைக்கும். என் அம்மாவின் பெயர் இது. எங்கள் முதலாளி இன்னார். அவர் செத்ததும் எங்களைப் பிரித்துக்கொண்டார்கள், என்னை இன்னாரிடம் விற்றார்கள், அவர் டெக்ஸஸுக்குக் கூட்டிப்போனார். கடைசியாக அம்மாவைப் பார்த்தபோது எனக்குச் சின்ன வயசு. இப்படித்தான் இருக்கும். தன் தாயைத் தேடுவதற்குக்கூட விற்றவன் பெயர், வாங்கினவன் பெயர் என்று வரிசையாகச் சொன்னால்தான் வழி. வேறு முகவரி கிடையாது. விற்கப்பட்டு இருபது, முப்பது வருஷம் கழிந்தும் தேடினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த மக்களுக்கு மனத்தை விடுவித்துக்கொள்ளத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறுவதில்லை. முதல் நாளிலிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். பாட்டியும் பேரனும் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுத்து படித்த காலம் அது.

அப்புறம் ஏன் இன்னும் அந்தச் சுமை போகவில்லை? ஏனென்றால் சுமத்துவது நிற்கவில்லை. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் சின்னக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகளைக் காட்டினார்கள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றுதான். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். கடைசியாக, "இதில் உன்னைப் போல இருப்பது எது?" என்ற கேள்வி. அப்போதுதான் 'கெட்டது' என்று கைகாட்டிய பொம்மையையே சில குழந்தைகள் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டு அறையை விட்டு ஓடிய குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகள் யாரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின் இருக்கை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பாடம் எடுக்க அது போதும். 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் மேற்கோள் காட்டியது. அதற்கு முப்பது வருஷம் முன்பே கார்வியின் இயக்கம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்புப் பொம்மைகள் செய்து விற்றிருக்கிறது. அவருக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

ஜமைக்கா பக்கம் வருகிறேன், ஏனென்றால் பணக் கணக்கு அங்கேதான் தெளிவாகத் தெரியும். ஜமைக்கா போன்ற பிரிட்டிஷ் காலனிகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அன்றே விடுதலையா? இல்லை. தொழில் பழகுநர் என்று வேறு பெயர் வைத்து, அதே தோட்டத்தில், அதே முதலாளிக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வைத்தார்கள். முழு விடுதலை 1838-இல்தான். இழப்பீடு 2 கோடி பவுண்ட் கொடுக்கப்பட்டது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அந்தத் தோட்டங்களில் ஆள் குறையக் கூடாது என்றுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் போன தமிழர்கள் அதில் உண்டு. இந்தக் கதை நமக்கு அப்படியொன்றும் தூரத்துக் கதை இல்லை.

மனசுக்கு வெளியே ஒன்றும் இல்லை என்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். 2018-இல் ஜமைக்காவில் ஓர் ஆரம்பப் பள்ளி, ஐந்து வயதுச் சிறுமியின் சடைமுடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்றது. டிரெட்லாக்ஸ் என்கிறோமே, அதுதான். சொன்ன காரணம் சுகாதாரம், பேன். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூலை 31 அன்று, அதாவது விடுதலை நாளுக்கு முந்தின நாள், நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024-இல்தான் மேல்முறையீட்டில் அது மாறியது. கறுப்பின மக்களே ஆளும் நாடு அது. ஆளுபவர் மாறினாலும் எது 'சுத்தம்', எது 'ஒழுங்கு' என்று அன்று எழுதிய விதி பள்ளியில் அப்படியே இருந்திருக்கிறது. மன விடுதலை என்றால் இந்த மாதிரி விதிகளோடு மல்லுக்கட்டுவதுதான். அந்தப் பெற்றோர் செய்தது அதைத்தான்.

கடைசியாக, "விட்டுவிட்டு முன்னேறினால் என்ன" என்று கேட்டீர்களே. இதே பேச்சை 2015 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா நாடாளுமன்றத்தில் நின்று பேசினார். வேதனையான இந்த மரபைக் கடந்து போவோம் என்றார். அடிமைகளின் வழிவந்தவர்கள் கேட்கும் இழப்பீடு பற்றிப் பிடி கொடுக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவர் அறிவித்தவற்றில் ஒன்று, ஜமைக்காவில் புதிதாகச் சிறை கட்ட 2.5 கோடி பவுண்ட். அடிமை முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுக்க வாங்கிய கடனின் கடைசிப் பகுதியை பிரிட்டன் அரசு அடைத்து முடித்ததும் அதே 2015-இல்தான். அந்த ஆண்டு வரை அங்கே வரி கட்டிய எல்லாருடைய பணமும் அதில் போயிருக்கிறது, அடிமைகளின் பேரப்பிள்ளைகளாக அந்நாட்டில் குடியேறி உழைத்தவர்கள் கட்டிய வரியும் சேர்த்து.

கரீபியன் நாடுகள் 2014-இல், தங்களை ஆண்ட ஐரோப்பிய நாடுகளிடம் பத்து அம்சக் கோரிக்கை ஒன்றை முன்வைத்தன. முறையான மன்னிப்பு, கல்வி, மருத்துவம், கடன் ரத்து ஆகியவற்றோடு உளவியல் மறுவாழ்வும் அதில் ஓர் அம்சம். மனசைச் சரிசெய்வதை அவர்கள் மறக்கவில்லை, நண்பரே. அதைத் தனியாகப் பிரிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துக் கேட்கிறார்கள். சிறைத் திட்டத்தை ஜமைக்கா 2017-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.