இரண்டு என்ஜின் அறை இருந்தும் இருட்டு

நண்பர்களே, வணக்கம். நடுக்கடலில் சொகுசுக் கப்பலுக்குக் கரண்ட் போனால் விளக்கு அணைவது சின்ன விஷயம். அங்கே கழிவறைகூட மின்சாரத்தை நம்பித்தான் இருக்கிறது. பம்பு நின்றால் கழிவை உறிஞ்ச ஆளில்லை.

2013 பிப்ரவரி 10 அதிகாலை, மெக்சிகோ வளைகுடாவில் போய்க்கொண்டிருந்த கார்னிவல் டிரயம்ஃப் கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் மின்சாரம் போனது போனதுதான். 14ஆம் தேதி இரவு அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வரும்வரை 4,200 பேர் அதிலேயே கிடந்தார்கள். நாற்றமும் புழுக்கமும் தாங்காமல் மெத்தையை இழுத்துவந்து மேல்தளத்தில் படுத்தார்கள். மலம் கழிக்கப் பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். அங்கிருந்த வயதானவர்களை நினைத்துப் பாருங்கள்!

இத்தனைக்கும் காரணம், ஒரு ஜெனரேட்டரின் எரிபொருள் ஹோஸில், அதாவது வளையும் குழாயில், கசிவு. அந்த வகை ஹோஸ்களைக் கவனியுங்கள் என்று கப்பலை நடத்தும் கார்னிவல் நிறுவனமே முந்தைய மாதம்தான் எழுதியிருந்தது. என்ஜின் அறையின் தரைத்தகட்டுக்கு மேலே இருந்தவற்றுக்கு எண்ணெய் தெறிக்காமல் மறைப்பு போட்டார்கள். கசிந்ததோ கீழே இருந்த ஹோஸ்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். 2010 நவம்பரிலேயே அதே நிறுவனத்தின் ஸ்ப்ளெண்டர் கப்பல் பசிபிக்கில் இதேபோல் நின்றது. அதில் ஆறு ஜெனரேட்டர்கள், இரண்டு என்ஜின் அறைகள். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கத்தானே இரண்டு? ஆனால் முக்கியமான கேபிள்கள் தீப்பிடித்த அறையின் கூரையோரமாகவே போயின. அவை வெந்ததும் கப்பல் முழுக்க இருட்டு. இது தெரிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் டிரயம்ஃப் எரிந்தது. அதற்கப்புறம்தான், 2013 ஏப்ரலில், தன் கப்பல்களைச் சீர்செய்ய 30 கோடி டாலர் ஒதுக்குவதாக நிறுவனம் அறிவித்தது.

சட்டம் என்ன செய்தது? ஒரு பகுதி எரிந்தாலும் சொந்த பலத்தில் துறைமுகம் திரும்பும்படி பயணிகள் கப்பலைக் கட்ட வேண்டும் என்கிறது சர்வதேச விதி. ஆனால் 2010 ஜூலை 1 முதல் கட்டத் தொடங்கிய பெரிய கப்பல்களுக்குத்தான் அது. 1999இல் வந்த டிரயம்ஃபுக்கு இல்லை. பழைய கப்பலில் ஏறுகிறவரின் உயிர் மலிவா? பழைய கப்பல்களுக்கும் கேபிளைப் பிரித்துப் போடக் காலக்கெடு வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

புதுக் கப்பல் என்றால் சரியாகிவிடுமா? 2017இல் வந்தது வைக்கிங் ஸ்கை. 2019 மார்ச்சில் நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று பழுதாகிக் கிடக்க, புயலுக்குள் அதை ஓட்டிப் போனார்கள். மீதி மூன்றிலும் மசகெண்ணெய் மட்டம் குறைவு. கப்பல் குலுங்கியதும் அந்த எண்ணெய் சரியாகக் கிடைக்காமல் மூன்றும் நின்றன. நார்வேக் கரையின் பாறைகளை நெருங்கிவிட்ட கப்பலிலிருந்து நானூற்றுக்கு மேற்பட்ட பயணிகளை ஹெலிகாப்டர் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள்.