பாதி பழகிய குதிரைக்கு ஒரு வீடு

[காட்சி: மழை விட்ட புல்வெளி. வேலியோரம், பிடரியெல்லாம் சேறாக ஓர் இளம் குதிரை.]

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மீட்கப்பட்ட குதிரையை எடுத்து வளர்க்கப் போகிறவர் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் மறந்துவிடுவது நல்லது. பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குதிரையின் முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதை ஒட்டி மாறும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஓரத்தில் இன்னும் பால்பல் இருக்கிறதா? அப்படியானால், ஆள் உயரத்துக்கு நின்றாலும் அது இன்னும் பிள்ளைதான்.

நாம் பார்க்கப் போவது பிரிட்டனின் கதை. 1911ல் ஏடா கோல் என்ற ஆங்கிலேயப் பெண், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ஒரு காட்சியைக் கண்டார். இங்கிலாந்தில் உழைத்துத் தேய்ந்த குதிரைகளைக் கப்பலிலிருந்து இறக்கி, இறைச்சிக்கூடத்துக்கு நடத்திப் போனார்கள். அதை நிறுத்தப் போராடிய அவர் 1927ல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர். அன்று அதன் கவலை கிழட்டுக் குதிரைகள். இன்று அதன் லாயங்களுக்கு இளம் குதிரைகளும் வருகின்றன.

காரணம் சிக்கலானதல்ல. வாங்க ஆளில்லாத குதிரைகளைக் கணக்கில்லாமல் ஈன வைக்கிறார்கள். தீனிச் செலவு கட்டாதபோது அடுத்தவர் நிலத்தில் ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதற்காகவே இங்கிலாந்தில் 2015ல் ஒரு சட்டம் வந்தது. பிடித்து வைத்துத் தகவல் சொன்ன பிறகு நான்கு வேலை நாட்களுக்குள் உரிமையாளர் வராவிட்டால், நிலத்துக்காரரே குதிரையை வேறு ஏற்பாட்டுக்கு விடலாம். இப்படிச் சிக்கும் இளம் குதிரைகளில் பல, மனிதக் கை படாமலே வளர்ந்தவை.

[காட்சி: விலா எலும்பு தெரியும் குதிரை. பிறகு, அதே குதிரை சதை பிடித்து, புல்வெளியில் துள்ளி ஓடுகிறது.]

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டுக் கொண்டுவந்த புதிதில் குதிரை பரம சாதுவாக நிற்கும். தடவலாம், அது பாட்டுக்கு நிற்கும். “எவ்வளவு நல்ல குணம்!” என்று தோன்றும். அது குணமில்லை, பசிச் சோர்வு. குடலில் புழு நீக்கி, நல்ல புல் கிடைத்து, உடம்பு தேறியதும் உண்மையான குதிரை வெளியே வரும். உதைக்கலாம், கடிக்கலாம், கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடலாம். பொறுப்பான அமைப்புகள் உடனே தூக்கிக் கொடுக்காமல் குதிரை தேறும்வரை வைத்திருந்து பழக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வளர்க்கக் கொடுக்கும் குதிரையைப் பற்றிய குறிப்பில் வரும் “இதற்கு இன்னும் பயிற்சி தேவை” என்ற வரி. சேணம் போட்டு ஏறுவதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முடியவே ஐந்தரை, ஆறு வயது ஆகிவிடும். நான்கு வயதை ஒட்டித்தான் பலரும் மெல்ல ஏறிப் பழக்குகிறார்கள். காட்டுக் குதிரையை மூன்றே நாளில் அடக்கி ஏறிக் காட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நான்காவது நாள் என்ன ஆனது என்று அவற்றில் காட்டுவதே இல்லை.

இளம் குதிரைக்குப் பயிற்சி என்றால் முகத்தில் பட்டை மாட்ட விடுவது, கயிற்றில் இழுக்காமல் கூட நடப்பது, குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்குள் ஏறுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலைத் தூக்கிக் கொடுப்பது.

[காட்சி: மிக அருகில். குதிரையின் தோளில் ஒரு கை.]

கவனியுங்கள். பழக்குபவர் தோளுக்குப் பக்கத்தில், வால் பக்கம் பார்த்து நிற்கிறார். கையைத் தோளில் வைத்து, எடுக்காமல், முழங்கால் வழியாகக் கீழே இறக்குகிறார். குதிரை காதைப் பின்னால் திருப்புகிறது. ஓடித் தப்பிக்கும் மிருகம் அது. அதன் காலைப் பிடிப்பதும் ஓநாய் கவ்வுவதும் அதற்கு ஒன்றுதான். உடல் எடை மறுபக்கம் சாய்கிறது. குளம்பு ஓர் அங்குலம் எழுகிறது. அவ்வளவுதான், உடனே கீழே வைத்துவிடுகிறார்.

ஏன் அவசரமாக வைத்தார்? குதிரை பாடம் கற்பது நாம் அழுத்தும்போது அல்ல, விடும்போது. அது அமைதியாக இருந்த நொடியில் விட்டால், ‘அமைதியாக நின்றால் விடுவார்கள்’ என்று கற்கும். உதறிய நொடியில் விட்டால், உதறக் கற்கும். இன்று ஒரு நொடி, நாளை மூன்று நொடி. இடப்பக்கம் கொடுக்கக் கற்றதும் வலப்பக்கம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் சீவியாக வேண்டும். அன்று அவர் முதுகு பிழைப்பது இந்த ஒரு நொடிப் பாடங்களால்தான்.

சரி, வீடு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் குதிரையை விற்பதில்லை, வளர்க்கக் கொடுக்கிறது. உரிமை அமைப்பிடமே இருக்கும். நீங்கள் அதை விற்கவோ ஈன வைக்கவோ முடியாது. ஆட்கள் வந்து பார்த்துப் போவார்கள். வேலை போனது, உடம்பு முடியவில்லை என்றால் குதிரை திரும்பி அங்கேயே போகும். “பணமும் கட்டி வளர்ப்பேன், எனக்குச் சொந்தமில்லையா?” என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் பாதி பழகிய குதிரைதான் சந்தையில் கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையிலும் ஒரு கெட்ட பழக்கம் சேரும். அந்தச் சுற்றை வெட்டுவது இந்த நிபந்தனைதான் என்பது என் கருத்து.

செலவும் யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரிதான். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலம் என்பது பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் பொதுக் கணக்கு. தனியாகவும் விட முடியாது, கூட்ட விலங்கு, துணை வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி நிறுத்தி வைத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புல்வெளியில் போய்ப் பிடித்து வரச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு நான்கு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்னங்காலுக்கு வரும்போது தினமும் பார்த்துக்கொள்கிறவரே கொஞ்சம் தள்ளி நின்றால், உங்கள் வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

[காட்சி: வேலியோரக் குதிரை. குளம்பு ஓர் அங்குலம் எழுந்து, திரும்பச் சேற்றில் பதிகிறது.]