'மே இட் லாஸ்ட்': அவெட் பிரதர்ஸ் ஆவணப்படத்தை எங்கெங்க காது கொடுத்துக் கேட்கணும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். 'மே இட் லாஸ்ட்: எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி அவெட் பிரதர்ஸ்'. அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்துற அமெரிக்க ஃபோக்-ராக் பேண்டான அவெட் பிரதர்ஸைப் பத்தின ஆவணப்படம். 2017-ல சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவுல முதல்ல திரையிட்டாங்க, 2018 ஜனவரில எச்.பி.ஓ டிவி சேனல்ல வந்துச்சு. இயக்கினவங்க ரெண்டு பேர்: ஜட் அபடோவ், மைக்கேல் பான்ஃபிலியோ. அபடோவ்னா காமெடிப் படம் எடுக்கிறவர்னுதான் நிறைய பேருக்குத் தெரியும். இந்தப் படத்துல அவர் சிரிக்க வைக்க முயற்சி பண்ணவே இல்ல. கேமராவ வச்சுட்டு, அந்த அண்ணன் தம்பி வேலை செய்யறத பொறுமையா பார்க்கிறார். அதனாலதான் இதைப் பாட்டு கத்துக்கிறவங்க, மியூசிக் வீடியோ எடுக்கிறவங்க எல்லாரும் பார்க்கணும்னு சொல்றேன்.

ஆளுங்க யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம், கான்கார்ட் ஊர். அண்ணன் ஸ்காட் அவெட், பிறந்தது 1976. தம்பி சேத், 1980. அப்பா ஜிம் வெல்டிங் தொழில் பார்த்தவர், கிட்டார் வாசிச்சுப் பாடவும் செய்வார். பசங்க ரெண்டு பேரும் முதல்ல 'நீமோ'ன்னு காது கிழியற மாதிரி ஒரு ராக் பேண்ட்ல இருந்தாங்க. அங்கிருந்துதான் பான்ஜோவுக்கும் (வட்டமா தோல் போர்த்தின உடம்பு உள்ள தந்தி வாத்தியம்) சாதா கிட்டாருக்கும் வந்தாங்க. பாப் கிராஃபோர்ட் டபுள் பேஸோட சேர்ந்தார், அப்புறம் ஜோ குவான் செல்லோவோட வந்தார். 2009-ல ரிக் ரூபின் தயாரிப்புல 'ஐ அண்ட் லவ் அண்ட் யூ' வெளிவந்த பிறகுதான் பெரிய கூட்டம் சேர்ந்துச்சு. படம் ரெண்டு வருஷத்துக்கு மேல எடுத்தது. அதோட முதுகெலும்பு 2016-ல வந்த 'ட்ரூ சாட்னஸ்' ஆல்பத்தோட பதிவு.

இவங்கள ஃபோக்-ராக்னு சொல்றோம்ல, அதுல ராக் எங்க இருக்குன்னு தேடினா எலக்ட்ரிக் கிட்டார்ல கிடைக்காது. கால்ல இருக்கு. ஆரம்பத்துல ட்ரம்மர் கிடையாது. ஸ்காட் பான்ஜோ வாசிச்சுக்கிட்டே ஒரு காலால கிக் ட்ரம்மை (பெடலை மிதிச்சா 'தும்'முன்னு அடிக்கிற பெரிய ட்ரம்) மிதிப்பார். சேத் கிட்டார் வாசிச்சுக்கிட்டே ஹை-ஹாட்டை (மிதிச்சா ஒண்ணோட ஒண்ணு மோதுற ரெண்டு தட்டு) மிதிப்பார். ஒரு ட்ரம் செட்டை அண்ணன் தம்பி பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. பழைய மேடைக் காட்சிகள் வரும்போது முகத்தை விட்டுட்டு காலைப் பாருங்க.

இதை நீங்க ரெண்டு பேரா முயற்சி பண்ணணும்னா, நாலு எண்ணிக்கைல கிக் 1, 3-ல, ஹை-ஹாட் 2, 4-ல வச்சு ஆரம்பிங்க. முதல்ல பாடாதீங்க. கால் மட்டும், தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 80-ல வச்சு. அது தானா ஓட ஆரம்பிச்ச பிறகு கை, கடைசிலதான் வாய். எங்க கெட்டுப்போகும்னா, கோரஸ்ல. குரல் ஏறும்போது கால் தன்னால வேகமா போயிடும், ஏன்னா மூச்சு வேகமாகுது. அதனால கோரஸ் வரிய மட்டும் தனியா எடுத்து, சத்தத்தைக் குறைச்சுப் பாடிப் பழகுங்க. இன்னொண்ணு, வழவழன்னு இருக்கிற மேடைல கிக் ட்ரம் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகரும், பாதிப் பாட்டுல கால் எட்டாது. ஒரு கம்பளத்தை விரிச்சு, ட்ரம், பெடல், நாற்காலி மூணும் அதே கம்பளத்து மேல இருக்கிற மாதிரி போடுங்க. உட்காரவே மாட்டேன், நின்னுதான் வாசிப்பேன்னா எடை முழுக்க மிதிக்காத கால்ல இருக்கணும். அப்ப இடுப்பு சாயும், மைக்கோட உயரத்தை அந்தச் சாய்ஞ்ச நிலைக்குத்தான் வைக்கணும்.

அடுத்தது பான்ஜோ. அஞ்சு தந்தி. வழக்கமான சுருதி ஓபன் ஜி: அஞ்சாவது தந்தியில இருந்து ஜி, டி, ஜி, பி, டி. எதையும் அழுத்தாம தடவினாலே ஜி மேஜர் கார்டு வரும். அஞ்சாவது தந்தி மத்ததை விடக் குட்டை. அது தலையில இருந்து வராது, கழுத்துல அஞ்சாவது ஃப்ரெட் (குறுக்க பதிச்சிருக்கிற கம்பி) பக்கத்துல பக்கவாட்டுல ஒரு முறுக்காணி இருக்கும், அங்கிருந்து ஆரம்பிக்கும். புதுசா வாசிக்கிறவங்க மாட்டிக்கிறது இங்கதான். பாடகருக்கு வசதியா ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ, அதாவது நீளமான நாலு தந்தியையும் ஒண்ணா அழுத்திப் பிடிக்கிற கிளிப், போடுவாங்க. நாலு தந்தியும் ரெண்டு அரைச்சுரம் மேல போயிடும், குட்டைத் தந்தி மட்டும் ஜி-லயே நிக்கும். அது பாட்டு முழுக்க அடிக்கிற தந்தி, அதனால பாட்டு முழுக்க உறுத்தும். அதை ஏ-க்குக் கொண்டு போகணும். முறுக்கி ஏத்தலாம், இல்லைன்னா ஏழாவது ஃப்ரெட்ல சின்ன ஆணி அடிச்சு வச்சிருப்பாங்க, பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற ஆணி. தலை எல் மாதிரி வளைஞ்சிருக்கும். அதுக்கு அடியில தந்தியை நுழைச்சு விட்டா சுருதி ஏ-ல நிக்கும். க்ளோஸப்ல பார்த்தா ஒரு அரிசி முனை அளவுக்குத்தான் தெரியும், ஆனா கேப்போ போட்டு வாசிக்கிற எந்தப் பான்ஜோவுக்கும் இந்த வேலையை ஏதோ ஒரு வழில செஞ்சாகணும்.

பான்ஜோ வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். தோல் மேல தந்தியைத் தாங்கி நிக்கிற மரத்துண்டு, பிரிட்ஜ், ஒட்டினது இல்ல, தந்தியோட அழுத்தத்துல நிக்குது. அதனால எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, பிரிட்ஜ் விழுந்துடும், எங்க இருந்துச்சுன்னு தெரியாது. ஒண்ணு கழட்டி ஒண்ணு மாட்டுங்க. பிரிட்ஜ் சரியான இடத்துல இருக்கான்னு பார்க்க, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேல தந்தியை லேசா தொட்டு மணிச்சத்தம் வர வையுங்க. அப்புறம் அதே ஃப்ரெட்ல அழுத்தி வாசிங்க. அழுத்தினது மேல இருந்தா பிரிட்ஜை வால் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க, கீழ இருந்தா கழுத்துப் பக்கம்.

பான்ஜோ சத்தம் பட்டுன்னு எழும்பி பட்டுன்னு செத்துடும். இழுத்து நிக்காது. வேகப்பாட்டுக்கு அது பலம், மெதுவான பாட்டுல ஓட்டை ஓட்டையா தெரியும். இந்த பேண்டுக்குள்ள செல்லோ வந்ததோட பலன் அங்க தெரியும். வில்லு போட்டு இழுக்கிற ஸ்வரம் பான்ஜோவோட இடைவெளிய அடைச்சுடுது, ஆனா குரலுக்குக் கீழயே இருக்கு.

இப்ப குரலுக்கு வரேன், இந்தப் படத்தோட உயிரே அதுதான். கூடப்பிறந்தவங்க சேர்ந்து பாடினா ஒரு தனிச் சேர்க்கை வரும்னு அமெரிக்க நாட்டுப்புற இசைக்காரங்க ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. லூவின் பிரதர்ஸ், எவர்லி பிரதர்ஸ்னு ஒரு வரிசையே உண்டு. மாயம் ஒண்ணும் இல்ல, காரணம் இருக்கு. தொண்டை, வாய், மூக்கு அமைப்பு ஒத்துப்போறதால குரலோட நிறம் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒரே வீட்டுல பேசி வளர்ந்ததால உயிரெழுத்தை ரெண்டு பேரும் ஒரே மாதிரி திறப்பாங்க. சின்ன வயசுல இருந்து ஒருத்தர் மூச்சு எடுக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியும். என் கணக்குல இந்த மூணுல ரெண்டாவதுதான் பெருசு. அது கூடப்பிறக்காதவங்களும் உழைச்சுக் கொண்டு வரக்கூடியது.

ஒருத்தர் ஸ பாடும்போது இன்னொருத்தர் க பிடிக்கிறதுதான் இந்த வகைப் பாட்டோட அடிப்படை. மேற்கத்திய கணக்குல மேஜர் தேர்ட். பியானோவுல இது 400 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). ஆனா ரெண்டு குரல் மட்டும் அசையாம நின்னா சுத்தமா ஒட்டுற இடம் 386 சென்ட் கிட்ட, 14 சென்ட் கீழ. வாத்தியம் அமுங்கி குரல் மட்டும் மேல நிக்கிற இடங்கள்ல திடீர்னு மூணாவது ஆள் பாடற மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும்ல, இந்த ஒட்டுதலால வர்றது அது. கிட்டாரை முழுசா அடிச்சுட்டு அந்த ரீங்காரத்தைத் தேடினா கிடைக்காது, கிட்டார் ஃப்ரெட் பியானோ கணக்குலதான் வெட்டியிருக்கு.

ரெண்டு பேர் பழகணும்னா நேருக்கு நேர் உட்காருங்க, பக்கத்துல பக்கத்துல வேண்டாம், வாய் தெரியணும். முதல்ல ஒரே ஸ்வரத்துல 'ஆ', ரெண்டு குரல் ஒரே குரலா கேட்கிற வரைக்கும். அப்புறம் ஒருத்தர் அங்கயே நிக்க, இன்னொருத்தர் க-வுக்கு ஏறணும். குரலை ஆட்டாதீங்க. ரெண்டு பேரும் ஆட்டினா ரெண்டு ஆட்டமும் ஒண்ணோட ஒண்ணு மோதி, சுருதி சரியா இருந்தாலும் தப்பா கேட்கும். அதுக்கப்புறம் வார்த்தை. வார்த்தை முடியற மெய்யெழுத்துல கவனம்: ரெண்டு பேரும் 'ஸ்'ஸையோ 'ட்'டையோ சொன்னா முன்ன பின்ன விழுந்து இரட்டையா கேட்கும். மெட்டு பாடறவர் மட்டும் அதை முடிக்கட்டும், மத்தவர் உயிரெழுத்தோட நிறுத்திடணும்.

அதிகமா நடக்கிற தப்பு, மேல் குரல் பாடறவர், அதாவது க பிடிக்கிறவர், நாலு வரி கழிச்சு மெட்டுக்கே வழுக்கி விழறது. மெட்டு ஏற்கெனவே மனசுல பதிஞ்சுபோச்சு, மேல் குரலைக் காதால துரத்திக்கிட்டு இருக்கார், அதான். மேல் குரலை அதுவே ஒரு தனிப் பாட்டுன்னு நினைச்சு, மெட்டே காதுல விழாம முழுசா மனப்பாடம் பண்ண வையுங்க. அதுக்கப்புறம் மெட்டை ரொம்ப மெல்லிசா சேருங்க.

இனி படத்தோட அந்தக் காட்சி. கலிஃபோர்னியாவுல மாலிபு ஸ்டுடியோ. 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்'னு ஒரு பாட்டு, சாவு வரும்போது யார் மேலயும் கசப்பு இல்லாம போகணும்ங்கிறது அதோட பொருள். அதைப் பாடறத கிட்டத்தட்ட முழுசா, வெட்டாம காட்டறாங்க. முடிஞ்சதும் சுத்தி இருக்கிறவங்க பிரமாதம்னு பாராட்டறாங்க. அண்ணனும் தம்பியும் வெளிய வந்து நிக்கறாங்க. வாழ்க்கையில பட்ட அடியில இருந்து எழுதின ஒண்ணைப் பாடி முடிச்ச உடனே பாராட்டு வர்றது விசித்திரமா இருக்குன்னு ஸ்காட் சொல்ல முயற்சி பண்றார். வார்த்தை நேரா வரல. தம்பிக்குப் புரிஞ்சுடுது. சேத்தோட விவாகரத்து, 2011-ல பாப்போட குழந்தைக்கு மூளைல கட்டி வந்தது, இதெல்லாம் படத்துல முன்னாடியே சொல்லிட்டதால அந்த நிமிஷத்துல நமக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்ல.

மியூசிக் வீடியோ எடுக்கிறவங்க இங்க எடுத்துக்க வேண்டிய பாடம், பாட்டு முடிஞ்ச பிறகும் கேமரா ஓடிக்கிட்டு இருக்கணும்ங்கிறது. டேக் (ஒரு தடவை பாடிப் பதிவு பண்றது) முடிஞ்சதும் கட் பண்ணி பேட்டரி மாத்துறதுதான் நம்ம வழக்கம், ஆனா அந்த நேரத்துலதான் ஆளுங்க உண்மையா பேசுவாங்க. நொடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அதைக் கணக்குப் போட்டு கார்டு வாங்கி வையுங்க. காலர் மைக்கை டேக்குக்கு முன்னாடியே போட்டு விட்டுடுங்க, வெளிய போனப்புறம் ஓடிப்போய் மாட்டினா பேச்சு நின்னுடும். ஸ்டுடியோ ஒலியும் கேமரா ஒலியும் தனித்தனி மெஷின்ல பதிவாகும், நீளமான டேக்ல ரெண்டும் மெதுவா விலகும். ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு, முடிவுல ஒரு கைத்தட்டு வச்சா எவ்வளவு விலகிச்சுன்னு எடிட்ல தெரிஞ்சிடும். ரெண்டு மெஷின்லயும் ஒலிப்பதிவு சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கான்னு முன்னாடியே பாருங்க.

ஒரே அறையில சேர்ந்து பாடிப் பதிவு பண்றதுக்கு ஒரு விலை உண்டு. ஒருத்தர் மைக்ல இன்னொருத்தர் குரலும் கிட்டாரும் கசியும். அதனால ஒருத்தர் சுருதி விட்டா அவரை மட்டும் திருத்த முடியாது, டேக்கே போச்சு. கசிவைக் கட்டுப்படுத்த, பாடற வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ அதைப் போல மூணு மடங்காவது ரெண்டு மைக்குக்கும் நடுவுல விடணும். 20 சென்டிமீட்டர்ல பாடினா மைக் ரெண்டும் 60 சென்டிமீட்டராவது தள்ளி. எட்டு (8) வடிவத்துல, முன்னாடியும் பின்னாடியும் மட்டும் ஒலி வாங்குற மைக் இருந்தா இன்னும் நல்லது. அதுக்குப் பக்கவாட்டுல காது கிடையாது, அந்தப் பக்கத்தைக் கிட்டார் இருக்கிற திசைக்குத் திருப்பி வச்சா கசிவு நல்லா குறையும்.

படத்துல எனக்குக் குறையா படறது, பெரிய கம்பெனிக்கு முன்னாடி, ராம்சர் ரெக்கார்ட்ஸ்ல சின்ன சின்னதா ஆல்பம் போட்டு ஊர் ஊரா சுத்தின காலம் வேகமா ஓடிடுது. சேர்ந்து வாசிக்கிற மத்த கலைஞர்களுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். சகோதரர்கள் பேண்ட்னா சண்டை இருக்கணும்னு எதிர்பார்த்துப் பார்க்கிறவங்களுக்கும் இது சப்புன்னு இருக்கும். இல்லாத சண்டையைக் கிளப்பாம விட்டது சரின்னுதான் நான் சொல்வேன்.

பார்க்கிறதுக்கு முன்னாடி 2007-ல வந்த 'இமோஷனலிசம்' ஆல்பத்தைக் கேளுங்க, அதுல கால் தாளமும் பான்ஜோவும் முன்னாடி நிக்கும். படம் பார்த்த பிறகு 'ட்ரூ சாட்னஸ்' முழுசா. 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்' மூணாவது பாட்டு. 'டிவோர்ஸ் செப்பரேஷன் ப்ளூஸ்' பதினொண்ணாவது, அதுல சேத் யோடல் பண்றத (குரலைக் கீழயும் மேலயும் சட்டுனு உடைச்சுத் தாவிப் பாடறது) விட்டுடாதீங்க. படத்தோட பேர்லயே இருக்கிற 'மே இட் லாஸ்ட்' கடைசிப் பாட்டு. தெற்கத்தி உச்சரிப்பு சில இடத்துல பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கோங்க, ஆனா பாட்டு வர்ற இடத்துல அணைச்சுடுங்க. ஹெட்ஃபோன் கட்டாயம். யாராவது ரெண்டு பேரா உட்கார்ந்து அந்த 'ஆ' பயிற்சிய பண்ணிப் பார்த்தா, எந்த வரில வழுக்குச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, பதில் சொல்றேன்.