99% அக்யூரசி வந்துருச்சா? பிஎச்டி மாணவர்களே, அவசரப்படாதீங்க!

[திரையில் பெரிய எழுத்தில்: 99%]

கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பிஎச்டி பண்றீங்க. டேட்டாவைப் பாத்துக் கத்துக்கிட்டு விடை சொல்ற ஏஐ மாடல் ஓடி முடிஞ்சது, அக்யூரசி, அதாவது சரியா சொன்ன விடை, 99 சதவீதம். கைடுக்கு மெசேஜ் தட்டுறதுக்கு முன்னாடி இந்த வீடியோவை முழுசா பாத்துடுங்க.

மேட்டர் இதுதான்: மாடலைச் சோதிக்க வச்ச டேட்டா, அதைப் பழக்குற டேட்டாவுக்குள்ள கசிஞ்சுட்டா அக்யூரசி பொய்யா ஏறும்.

[திரையில்: மார்பு எக்ஸ்ரே படங்கள்]

அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் 2017-ல வெளியிட்ட மார்பு எக்ஸ்ரே தொகுப்புல 1,12,120 படம் இருக்கு. நோயாளிங்க எத்தனை பேர்? வெறும் 30,805! ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து எடுத்த படங்கள் ஏராளம். இதைக் கண்ணை மூடிட்டு, மாடலைப் பழக்க (டிரெய்னிங்) 80 சதவீதம், சோதிக்க (டெஸ்ட்) 20 சதவீதம்னு பிரிச்சா, ஒருத்தரோட பத்து படத்துல எட்டு டிரெய்னிங்குக்கும் ரெண்டு டெஸ்ட்டுக்கும் போயிடும். அவரோட விலா எலும்பு அமைப்பு, நெஞ்சுல வச்ச பேஸ்மேக்கர் எல்லாம் மாடலுக்கு மனப்பாடம். நோயைப் பாக்காம ஆளை அடையாளம் கண்டுபிடிச்சு மார்க் வாங்கிடும். கொஸ்டின் பேப்பர் அவுட்டான பரீட்சைல சென்டம் எடுத்த கதைதான்.

அதனால படங்களைப் பிரிக்காதீங்க, நோயாளிகளைப் பிரிங்க. (கத்தியைக் கீழ வைங்க, கோட்லதான்!) சைக்கிட்-லேர்ன்ங்கிற பைதான் லைப்ரரில, குரூப் குரூப்பா பிரிச்சுத் தர்ற குரூப்-கே-ஃபோல்ட் இருக்கு. குரூப்ஸ்ங்கிற இடத்துல நோயாளி எண்ணைக் குடுங்க. ஒருத்தரோட படம் எல்லாம் ஒரே பக்கம் போயிடும்.

அடுத்து ஸ்மோட். என்னைக் கேட்டா ரொம்பப் பேர் மாட்டுறது இங்கதான். டேட்டாவுல கம்மியா இருக்கிற வகையோட எண்ணிக்கையைக் கூட்ட, அதுல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல புதுசா ஒண்ணை உருவாக்குறதுதான் ஸ்மோட். பிரிக்கிறதுக்கு முன்னாடியே அதை ஓட்டினா, டெஸ்ட் சாம்பிளோட சாயல் டிரெய்னிங்குக்குள்ள வந்துடும். முதல்ல பிரிங்க, அப்புறம் டிரெய்னிங் பக்கம் மட்டும் ஸ்மோட். ஃபீச்சர் செலக்‌ஷனுக்கும், அதாவது டேட்டால எந்த அம்சங்களை மாடலுக்குக் குடுக்கணும்னு தேர்ந்தெடுக்கிறதுக்கும், இதே வரிசைதான்.

இதைச் செஞ்சதும் 99 சட்டுனு இறங்கும். இறங்கட்டும். தீசிஸ் குறைஞ்சது ரெண்டு வெளி எக்ஸாமினர் கைக்குப் போகுது. "நோயாளிவாரியா பிரிச்சீங்களா?"ன்னு ஒருத்தர் எழுதிட்டா, எல்லா எக்ஸ்பெரிமென்ட்டையும் திரும்ப ஓட்டணும்.

டேட்டாசெட்ல நோயாளி எண்ணே இல்லையா? பெர்செப்சுவல் ஹாஷ் (படத்தோட தோற்றத்தை வச்சுப் போடுற சுருக்கக் குறியீடு) போட்டு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற படங்களையாவது ஒரு குரூப்ல போடுங்க. பண்ணிட்டு, உங்க அக்யூரசி எவ்ளோ இறங்குச்சுன்னு கமென்ட்ல போடுங்க. வெக்கப்படாதீங்க!