எட்வர்ட்: ஒரு ராஜாவின் பக்தி காப்பாற்றிய பெயர்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: எட்வர்ட்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் முன்பாதிக்குச் செல்வம், நல்வாழ்வு என்று அர்த்தம், பின்பாதிக்குக் காவலன். இங்கிலாந்தின் தென்பகுதியை ஆண்ட வெஸ்ஸெக்ஸ் அரச குடும்பத்துக்கு அந்த முன்பாதி மேல் அப்படியொரு ஆசை. ஆல்ஃபிரட் ராஜாவின் மகன் எட்வர்ட். அந்த எட்வர்டின் பிள்ளைகளில் எட்மண்ட், எட்ரெட், எட்வின். பேரன் எட்கர். பெயரைக் கேட்டதுமே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

அந்த வம்சத்தில் வந்தவர்தான் 'கன்ஃபெஸர்' (விசுவாசத்தை வாழ்ந்து காட்டியவர்) எட்வர்ட். 1042-இல் இங்கிலாந்தின் பட்டத்துக்கு வந்து, 1066 ஜனவரியில் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். பேயோ சித்திரத் துணியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்துக்குக் கம்பளி நூலில் தைத்த படங்கள். அதன் முதல் காட்சியில் கிரீடத்தோடு உட்கார்ந்திருப்பவர் இவர்தான். மேலே 'எட்வர்ட் ரெக்ஸ்', அதாவது எட்வர்ட் ராஜா என்று தைத்திருக்கும். அடுத்தடுத்த காட்சிகளில் அவருடைய சாவு, ஹேஸ்டிங்ஸ் போர், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்களின் வெற்றி.

அப்புறம் ஊரே மாறிவிட்டது. அரண்மனையில் பிரெஞ்சு பேசினார்கள். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்ற பெயர்கள் வந்தன. சாதாரண இங்கிலீஷ் குடும்பங்களும் பிள்ளைகளுக்கு அதே பெயர்களை வைக்கத் தொடங்க, பழைய பெயர்களில் பெரும்பாலானவை சில தலைமுறைகளுக்குள் வழக்கொழிந்தன. எட்வர்டும் அந்த வழியில்தான் போயிருக்க வேண்டும்.

போகாததற்குக் காரணம் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஹென்றி. ஒன்பது வயதில் ராஜாவான இவருக்குக் கன்ஃபெஸர் எட்வர்ட் மேல் அளவில்லாத பக்தி. 1161-இலேயே போப் அவரைப் புனிதராக அறிவித்திருந்தார். ஹென்றி 1239-இல் பிறந்த தன் மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். பிரெஞ்சு பேசும் அரண்மனையில், தோற்றுப்போன வம்சத்தின் பெயர் பட்டத்து இளவரசனுக்கு! அதோடு விடவில்லை. 1245-இல் லண்டனில் அந்தப் புனிதரின் சமாதி இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். 1269 அக்டோபரில் புனிதரின் உடலைப் புதுச் சமாதிக்குக் கொண்டுபோனபோது ராஜாவே தோள்கொடுத்தார். அந்தச் சமாதி இன்றும் இருக்கிறது. அதன் கல் பீடத்தில் மாடம் மாடமாகக் குடைந்திருப்பார்கள். நோயாளிகள் அதற்குள் முழங்காலிட்டு, புனிதருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருங்கி வேண்டிக்கொள்வார்கள். ஹென்றியின் பக்தி எப்படிப்பட்டது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த மாடங்கள்தான்.

அந்த மகன்தான் முதலாம் எட்வர்ட். அவருக்கு முன்னால் மூன்று எட்வர்ட்கள் ஆண்டிருக்கிறார்கள். ஆனாலும் எண்ணிக்கை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவருக்குப் பின் மகன், பேரன் என 1272 முதல் 1377 வரை நூறு வருடத்துக்கு மேல் எட்வர்ட்களின் ஆட்சிதான். இதுவும் நூலிழையில் தப்பியது. முதலாம் எட்வர்டின் வாரிசாக இருந்த பையனின் பெயர் அல்ஃபோன்ஸோ. அம்மா இன்றைய ஸ்பெயினிலிருந்த காஸ்டீல் நாட்டு இளவரசி, தாய்மாமன் பெயரை வைத்திருந்தார்கள். பத்து வயதில், 1284 ஆகஸ்டில், பையன் இறந்துபோனான். அந்த ஏப்ரலில்தான் தம்பி எட்வர்ட் பிறந்திருந்தான். அண்ணன் பிழைத்திருந்தால் இங்கிலாந்துக்கு ஓர் அல்ஃபோன்ஸோ ராஜா கிடைத்திருப்பார்.

மூன்றாம் எட்வர்டின் பேத்தி ஃபிலிப்பா போர்ச்சுகல் ராஜாவைக் கல்யாணம் செய்தபோது பெயரும் கூடவே கப்பலேறியது. அவருடைய மகன் துவார்த்தே 1433-இல் அந்த நாட்டு ராஜா. துவார்த்தே என்பது எட்வர்டேதான்.

செல்லப் பெயர்களை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். எட், டெட், நெட் எல்லாம் இதிலிருந்து வந்தவை. டெடி என்றும் கூப்பிடுவார்கள், ஆனால் டெடி பொம்மைக்கும் எட்வர்டுக்கும் சம்பந்தமில்லை. அது அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை வைத்து வந்தது.

ஹென்றி தன் இரண்டாவது மகனுக்கும் ஒரு பழைய இங்கிலீஷ் புனிதரின் பெயரைத்தான் வைத்தார்: எட்மண்ட். அந்தப் புனிதரின் கதை கொஞ்சம் கொடூரமானது, பெரியதும்கூட. அதை அடுத்த வீடியோவில் முழுசாகச் சொல்கிறேன்.